மக்காச்சோளம் முடிந்தது

1

இந்த ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை, குடியுரிமை விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கிரீன் கார்டு வந்து ஐந்து வருடம் முடிந்துவிட்டது. என் கையெழுத்து ஆபீஸில் யாருக்கும் புரிவதில்லை என்பது வீட்டிலும் பிரசித்தம். அதனால் மகள் கயல்விழி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். வயது பதின்மூன்று. பள்ளியில் அவளைக் ‘கேல்’ என்று கூப்பிடுகிறார்கள். முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தாள். இப்போது போனை எடுத்தால் அவளே ‘திஸ் இஸ் கேல்’ என்கிறாள்.

அவள் கேள்விகளை வாசிக்க, நான் தமிழில் பதில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் எழுதினாள். மொடாக்குடியனா, சூதாடியா, கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவனா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் சிரித்துக்கொண்டே ‘நோ’ கட்டத்தில் பெருக்கல் குறி போட்டாள். பிறகு ஒரு கேள்வியை வாசித்தாள். குற்றம் என்று தெரிந்தே ஏதாவது செய்து, அதற்காகக் கைதாகாமல் இருந்ததுண்டா?

நான் மேஜையில் கிடந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

“அப்பா?”

“நோ போடு.”

“யூ டுக் அ லாங் டைம்,” என்றாள். சிரிப்பு இல்லை.

கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி சுமதி, கார் சாவியைக் கையில் வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் தெரியும். சட்டப்படி என் பதில் சரிதான். நான் செய்ததற்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் பெயர் கிடையாது.

2

என் சொந்த ஊர் விருதுநகர். ஆனால் நான் அமெரிக்காவுக்கு வந்தது ஜாம்பியாவிலிருந்து. எண்பதுகளில் நம் பக்கத்து வாத்தியார்கள் பலர் ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள். என் அண்ணன் தெற்கு ஜாம்பியாவில் சோமா என்ற ஊரில் ஒரு உறைவிடப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்தார். புள்ளியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த என்னையும் அதே பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராக இழுத்துக்கொண்டார். ஆறு வருடம் அங்கே இருந்தேன். கயல் சோமா ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள். அவள் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊரைப் பார்க்கும் ஒவ்வொரு அதிகாரியும் இரண்டாவது முறை அவள் முகத்தைப் பார்க்கிறார்.

அந்தப் பள்ளி விடுதியின் சமையலறைக்குத் தலைவி பியாட்ரிஸ். வாட்டசாட்டமான பெண், கணவர் இல்லை, ஒரே மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். அந்த நாட்டில் மூன்று வேளையும் மக்காச்சோளம்தான். வெள்ளை மக்காச்சோள மாவைக் கிளறிக் களி செய்வார்கள். அதைத் தின்னாவிட்டால் சாப்பிட்டதாகவே கணக்கில்லை. நானூறு பிள்ளைகளுக்கு அந்தக் களியைத் துடுப்பு போன்ற கரண்டியால் கிளறி இறக்கிவிட்டு, பியாட்ரிஸ் எங்கள் வீட்டுக்கு வருவாள். சுமதிக்குப் பிரசவம் ஆகி நாற்பது நாளும் குழந்தையைக் குளிப்பாட்டியது அவள்தான். எங்களைப் பார்த்து ‘அப்பா’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு, என்னைக் ‘கயல் அப்பா’ என்றே கூப்பிடுவாள். மற்றபடி அவள் பேசியது ஆங்கிலம். எனக்கென்னவோ அது தமிழாகவே நினைவிருக்கிறது.

அங்கிருந்து டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் விவசாயப் புள்ளியியல் படிக்க இடம் கிடைத்தது. இரண்டு வருடம் படித்துமுடித்து, தொண்ணூற்றொன்றின் கோடையில் நியூ ஜெர்சியில் பார்சிப்பனிக்கு வேலைக்கு வந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

என் வேலை என்ன என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்வேன். ஒரு நாட்டில் போன வருடத்து இருப்பு இவ்வளவு, இந்த வருடம் விளையப்போவது இவ்வளவு. ஜனங்கள் சாப்பிடுவது, விதைக்கு எடுப்பது, எலியும் பூச்சியும் தின்பது, எல்லாம் சேர்த்து இவ்வளவு. இரண்டையும் கழித்தால் துண்டு விழுகிறதா, மிஞ்சுகிறதா? அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். எங்கள் அறிக்கையை வாங்குபவர்கள் தானியக் கப்பல் பிடிக்கிறவர்கள். துண்டு விழும் என்று நாங்கள் சொன்னால் அவர்கள் கப்பல் தேடுவார்கள். சொல்லாவிட்டால் தேடமாட்டார்கள்.

நான் ஜாம்பியாவில் இருந்தவன் என்பதால்தான் என்னை எடுத்தார்கள். முதல் வாரமே மேலாளர் வால்டர் என்னைத் திருத்தினார். மக்காச்சோளத்தை நான் ‘மெய்ஸ்’ என்றேன்.

“இங்கே நாங்கள் கார்ன் என்போம், சேகர்.”

நல்ல மனிதர். எங்களுக்கு வீடு பார்க்க அலைந்தவர். குளிர்காலத்தில் கார் ஓட்ட எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவரை வில்லனாக்கினால் எனக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை.

3

தொண்ணூற்றிரண்டு ஜனவரி. வெளியே முழங்கால் அளவு பனி. அங்கே சோமாவில் அது மழைக்காலம்; மக்காச்சோளம் ஆள் உயரம் வளர்ந்து நிற்கவேண்டிய மாதம். நாட்டின் பல தானியக் கிட்டங்கிகளிலிருந்து மாதம் ஒருமுறை இருப்பு விவரம் எங்களுக்கு ஃபாக்ஸில் வரும். சோமாக் கிட்டங்கியின் எழுத்தர் அனுப்பிய தாளில் அந்த மாதம் எண் எதுவும் இல்லை. இரண்டே வரி.

“மெய்ஸ் ஃபினிஷ்ட். டிப்போ க்ளோஸ்ட் ஃப்ரம் மண்டே.”

வால்டர் அதை எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தார். முகத்தில் திருப்தி.

“ஒருவழியாகக் கொள்முதலை முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. அக்டோபரிலேயே முடித்திருக்கவேண்டும். அங்கே எல்லாமே தாமதம்தான், இல்லையா? போன மாத இருப்பை அப்படியே போட்டுவிடுவோம்.”

ஜாம்பியாவில் யாரும் அந்த அர்த்தத்தில் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார்கள். கடையில் சர்க்கரை கேட்டால் ‘சுகர் இஸ் ஃபினிஷ்ட்’ என்பார்கள். நம் ஊரிலும் அப்படித்தானே. முடிந்துவிட்டது என்றால் தீர்ந்துவிட்டது. கிட்டங்கியில் தானியம் இல்லை, பூட்டிவிட்டார்கள். புது விளைச்சல் வர இன்னும் நாலு மாதம் இருக்கிறது.

“வால்டர், அதற்கு வேறு அர்த்தமும் இருக்கலாம்,” என்றேன்.

“என்ன அர்த்தம்?”

“இருப்பு தீர்ந்துவிட்டது என்று.”

அவர் தாளை மறுபடி பார்த்தார். “போன மாதம் இவ்வளவு மூட்டை இருந்ததே. ஒரே மாதத்தில் எப்படிக் காலியாகும்?” நியாயமான கேள்வி. “உனக்கு நிச்சயமாகத் தெரியுமா?”

அவர் மறுகையில் ஒரு கோப்பு இருந்தது. என் லேபர் சர்டிபிகேஷன் விண்ணப்பம். இந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை, இவரே வேண்டும் என்று முதலாளி எழுதிக் கையெழுத்துப் போடும் தாள். அதிலிருந்துதான் கிரீன் கார்டு தொடங்கும். அன்று மாலை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நவம்பரில் ஒருமுறை மழை அளவு பற்றி எச்சரிக்கை எழுதி, அது தப்பாகப் போய், அவர் மேலிடத்தில் பேச்சு வாங்கியிருந்தார்.

ஒரு போன் செய்திருக்கலாம். அண்ணனைக் கிட்டங்கிக்குப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். அது எதுவும் அப்போது தோன்றவில்லை என்று இங்கே எழுத எனக்கு ஆசை. தோன்றியது.

“நிச்சயமாகத் தெரியாது,” என்றேன்.

புள்ளியியல் படித்தவன் வாயிலிருந்து வரக்கூடிய பதில்தான். பொய்யும் இல்லை. அவர் தலையசைத்துவிட்டுப் போனார். பழைய இருப்பு அறிக்கையில் ஏறியது. மாலை ஐந்து மணிக்கு என் விண்ணப்பத்தில் கையெழுத்தும் ஏறியது. வீட்டுக்கு வந்து சுமதியிடம் கையெழுத்தை மட்டும் சொன்னேன். அவள் பாயசம் வைத்தாள்.

4

மூன்று வாரம் கழித்து அண்ணனின் கடிதம் வந்தது. வழக்கமாக அண்ணி உடம்பு, ஊர்க் கல்யாணம் என்று எழுதுகிறவர், அந்தத் தடவை வேறு எதுவும் எழுதவில்லை. ‘இங்கே மழை இல்லை. மக்காச்சோளம் முழங்கால் உயரத்திலேயே பூத்துவிட்டது. இனி மழை பெய்தும் பிரயோஜனம் இல்லை என்று பியாட்ரிஸ் சொல்கிறாள். மாவு வாங்க ஜனங்கள் விடியும் முன்னே வரிசையில் நிற்கிறார்கள்.’

ஆபீஸிலிருந்தே போன் போட்டேன். பள்ளியில் ஒரே போன். அண்ணனைக் கூப்பிட்டு வரப் பத்து நிமிஷம் ஆனது.

“கிட்டங்கி எப்படிண்ணே இருக்கு?”

“எந்தக் கிட்டங்கிடா? பொங்கலுக்கு முன்னாடியே காலியாயிருச்சே. பூட்டித் தொங்குது. ஹாஸ்டல்ல புள்ளைகளுக்கு ஒருவேளைதான் போடுறோம். இந்த வாரத்தோட ஸ்கூலை மூடப்போறாங்க.”

“பியாட்ரிஸ்?”

“அவளுக்கும் வேலை இல்லைன்னுட்டாங்க. பேரப்புள்ளைகளக் கூட்டிக்கிட்டு அவ ஊருக்கே போறா. கீழ, பள்ளத்தாக்குல. அங்க இங்கயவிட மோசம்னு சொன்னேன். ஆத்துல மீனாவது இருக்கும்ங்கிறா.” கொஞ்சம் நிறுத்திவிட்டு அண்ணன் கேட்டார். “ஏண்டா சேகரு, நீ அதுக்குத்தான அங்க உக்காந்துருக்க? உங்க ஆபீஸுக்குத் தெரியாதா இது?”

நான் வால்டரிடம் ஓடினேன். இந்தத் தடவை நிச்சயமாகத் தெரியும் என்றேன். அண்ணன் கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டார். அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது, அடுத்தது ஏப்ரலில்தான். இடையில் திருத்தம் அனுப்ப, அதிகாரபூர்வமான மதிப்பீடு வேண்டும்; ஒரு குடும்பக் கடிதத்தை வைத்து அனுப்ப முடியாது. மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார். பேசவும் செய்தார். மார்ச்சின் பாதியில் திருத்தம் போனது. அதற்குள் ஆப்பிரிக்காவின் தென்பகுதி முழுக்க வறட்சி என்று பத்திரிகைகளிலேயே வந்துவிட்டது.

ஏப்ரல் கூட்டத்தில் மேலிடத்து ஆள் ஒருவர், ஜனவரியில் எப்படித் தவறவிட்டோம் என்று கேட்டார். வால்டர் எனக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். “அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.”

நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். மேஜைமேல் இருந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயந்திரம் சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள். “அந்த ஃபாக்ஸ் வந்தது கையெழுத்துப் போட்ட அன்னைக்கா?”

“ஆமா.”

அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு வந்ததில்லை.

5

ஜூன் மாதம் என்னை ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள், தென்னாப்பிரிக்கத் துறைமுகம் வழியாக ஜாம்பியாவுக்குப் போகும் சரக்கு ஏறுவதைப் பார்த்து எழுத. மாணவனாக இரண்டு வருடம் டெக்சாஸில் இருந்தும் நான் பார்க்காத இடம் அது. வானளாவிய தானியக் குதிர்கள். ராட்சதக் குழாய் வழியாகக் கப்பலின் வயிற்றுக்குள் மக்காச்சோளம் அருவி மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் புழுதி. அதன் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு விருதுநகர்ப் பள்ளிக்கூடத்து மதிய உணவு நினைவில் வந்து நின்றது. அறுபதுகளில் எங்களுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் ரவையில் உப்புமா போடுவார்கள். எனக்குப் பிடிக்காது, பசித்ததால் தின்றேன். அந்த ரவையும் எங்கோ ஒரு ஆபீஸில் யாரோ எண் எழுதியதால்தான் வந்திருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

பக்கத்தில் நின்ற சோதனையாளரிடம், இது போய்ச்சேர எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன்.

“துறைமுகத்துக்கு ஒரு மாதம் வைத்துக்கொள். அங்கே எல்லாக் கப்பலும் ஒரே நேரத்தில் போய் நிற்கிறதாம். இறக்க இடம் கிடைக்கவேண்டும். அப்புறம் ரயில்.” கையிலிருந்த தானியத்தைத் தட்டிவிட்டார். “முன்னாலேயே சொல்லியிருந்தால் இந்த நெரிசல் இருந்திருக்காது.”

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. பேச்சுவாக்கில் சொன்னார். நான் குளியலறைக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினேன்.

அந்த இரண்டு வரியை நான் சரியாக எடுத்துச் சொல்லியிருந்தால் ஒரு கப்பலாவது முன்னால் கிளம்பியிருக்குமா? எத்தனையோ பேர் எத்தனையோ அறிக்கை எழுதுகிறார்கள். என் ஒருவன் சொல்லுக்கு அவ்வளவு கனம் இல்லை என்று ஆயிரம் முறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கிளம்பியிருக்கும் என்று நிரூபிக்க முடியாது. கிளம்பியிருக்காது என்றும் முடியாது.

6

தொண்ணூற்றாறில் கிரீன் கார்டு வந்தது. அதே வருடம் அண்ணன் ஓய்வுபெற்று மதுரைக்குத் திரும்புவதாக இருந்தார். வழியனுப்பு விழாவுக்கு நான் மட்டும் சோமாவுக்குப் போனேன்.

பள்ளியில் எல்லாம் பழையபடி. சமையலறை வாசலில் பியாட்ரிஸ் நின்றிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள், முன்பல் இரண்டு இல்லை. என்னைப் பார்த்ததும் மண்டியிட்டுக் கைதட்டி வரவேற்றாள். அது அவர்கள் மரியாதை. நான் பதறித் தூக்கினேன்.

“கயல் எவ்வளவு உயரம்?” என்று கேட்டாள். கை காட்டினேன். “நம்ம பாஷை ஏதாவது பேசுறாளா?”

அவள் பாஷையும் இல்லை, என் பாஷையும் இல்லை என்று எப்படிச் சொல்வது? “புரியும்,” என்றேன்.

பேரப்பிள்ளைகள் எங்கே என்று கேட்கவேண்டியிருந்தது. கேட்காமல் இருந்தால் அதுவே தப்பாகிவிடும். அவள் நிதானமாகச் சொன்னாள். பள்ளத்தாக்கில் ஆற்றில் தண்ணீர் இல்லை. புளியங்காயில் சாம்பலைக் கலந்து தின்றார்கள். பிறகு காட்டுக் கிழங்கு. அதை ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் மாற்றி மாற்றி வேகவைக்கவேண்டும், இல்லாவிட்டால் விஷம். தண்ணீரே இல்லாத இடத்தில் எத்தனை முறை மாற்றுவது? முத்திந்தாவுக்கு ஆறு வயது, லுயாண்டோவுக்கு நாலு. ஒரு வாரத்துக்குள் இருவரும்.

“அதுக்கு அப்புறம்தான் மஞ்சள் மக்காச்சோளம் வந்தது. மாட்டுக்குப் போடுறதுன்னு முதல்ல யாரும் தொடல. அப்புறம் தின்னோம். மூட்டையில அமெரிக்காக் கொடி போட்டிருந்தது. நான் எல்லார்கிட்டயும் சொன்னேன், கயல் அப்பா அங்கதான் இருக்கார், மக்காச்சோளத்தைப் பத்திதான் அவருக்கு வேலை, அவர் நம்மள மறக்கலன்னு.” என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “என் மகனும் மருமகளும் உயிரோட இருக்காங்க. இப்ப இன்னொரு பேத்தி. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன்.”

நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். அண்ணன் பக்கத்தில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் சந்தோஷத்தைக் கெடுக்கவேண்டாம் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தக் கைகளை விட மனமில்லை.

7

இந்த வருட நிலவரத்துக்கு வருகிறேன். என் மேஜையில் ஒரு வரைபடம் இருக்கிறது. ஜாம்பியாவின் உள்நாட்டுத் தானிய இருப்பு, பத்து வருடக் கோடு. தொண்ணூற்றிரண்டில் பள்ளத்தில் விழுந்து, எழுந்து, மறுபடி ஏறி இறங்கி, இப்போது திரும்பவும் கீழ்நோக்கி வளைகிறது. சென்ற பருவத்தில் மழை பெய்யவேண்டிய நாளில் பெய்யாமல், பெய்யக்கூடாத நாளில் கொட்டியது. அறுவடை குறைந்துவிட்டது. பக்கத்து நாடுகளிலும் இதே கதை என்பதால், லாரி வைத்துக்கொண்டு வரும் வியாபாரிகள் கிராமம் கிராமமாகப் போய் மூட்டைகளை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கிட்டங்கியில் தங்காத தானியத்தை எந்த அறிக்கையிலும் காட்டமுடியாது.

வால்டர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். இந்தத் தடவை எனக்குத் தோன்றிய எண்ணை, குறைவாகவே, பயமில்லாமல் எழுதினேன். புது மேலாளர் ஒரு வார்த்தை மாற்றாமல் அனுப்பினார். கிரீன் கார்டு கையில் இருக்கும்போது நிஜத்தைச் சொல்வது எவ்வளவு சுலபம். ஆனால் கப்பல் பிடிக்கிறவர்கள், இன்னும் ஒரு பருவம் பார்க்கலாம் என்று காத்திருக்கிறார்கள்.

விண்ணப்பம் நிரப்பிய அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு வந்த திங்களன்று, சோமாப் பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பள்ளியின் எழுத்தர் எடுத்தார். புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பியாட்ரிஸை வரச்சொல்லுங்கள் என்றேன். எனக்கு அது காலை எட்டு மணி. ஆபீஸுக்கு முதல் ஆளாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

“கயல் அப்பா,” என்றாள். குரல் அப்படியே இருந்தது.

“உங்க வயல்ல விளைச்சல் எப்படி?”

“பதினோரு மூட்டை. போன வருஷத்துல பாதிதான். நாளைக்கு வியாழக்கிழமை லாரி வருது, எல்லாத்தையும் குடுத்துடப்போறேன். ஃபீஸ் கட்டிப் பேத்தியை ஸ்கூல்ல சேர்க்கணும்.”

“குடுக்காதீங்க. வீட்டுல வைங்க. அடுத்த வருஷம் கஷ்டமா இருக்கும்போலத் தெரியுது.”

அவள் சிரித்தாள். “இங்கயும் எல்லாரும் அப்படித்தான் பேசுறாங்க. நான்தான் தைரியம் சொல்றேன். கஷ்டம் வந்தா கயல் அப்பா போன தடவை மாதிரி அனுப்புவார்னு. எங்க தெருவுல எல்லாரும் விக்கிறாங்க.” பிறகு விளையாட்டாகச் சேர்த்துக்கொண்டாள். “இந்தத் தடவை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிடுங்க.”

அவள் தைரியத்துக்கு நான் காரணம். அவள் பேச்சை நம்பி ஒரு தெருவே தானியத்தை லாரியில் ஏற்றப்போகிறது. இனி வேறு வழி இல்லை.

“பியாட்ரிஸ், என்னை நம்பி விக்காதீங்க. அந்த வருஷம் கிட்டங்கி காலின்னு எனக்குத் தெரியும். ஃபாக்ஸ் என் கண்ணு முன்னாடி வந்தது. இங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. நான் சரியாச் சொல்லியிருக்கணும். சொல்லல. என் பேப்பர்ல கையெழுத்து ஆகவேண்டியிருந்தது. அதனால சும்மா இருந்துட்டேன்.”



“எந்த மாசம்?” என்று கேட்டாள்.

“ஜனவரி.”

“ஜனவரி,” என்றாள். பிறகு மெதுவாக, கணக்குப் பாடம் ஒப்பிப்பதுபோல, “முத்திந்தா போனது ஜூன். லுயாண்டோ அதே வாரம்.”

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். மறுமுனையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. யாரோ ரிசீவரை எடுத்தார்கள். எழுத்தர்.

“சார், அந்த அம்மா வெளியே போயிட்டாங்க. போனை வெச்சிடட்டுமா?”

8

இதைச் சுமதியிடம் அன்றே சொன்னேன். கயலிடம் சொல்லவேண்டுமா என்று நாங்கள் இரண்டு வாரம் யோசித்தோம். கடைசியில் சொன்னேன், தமிழிலேயே. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். தன்னைக் குளிப்பாட்டிய பெண்மணியின் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு தன் அறைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் கேட்டதற்குச் சொல்லும் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தைப் பதிலைத் தமிழில் சொல்கிறாள். அது தண்டனையா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் சோமாவிலிருந்து பள்ளி எழுத்தரின் கடிதம் வந்தது. பள்ளித் தாளில், நேர்த்தியான கையெழுத்தில் எழுதியிருந்தார். அங்கே இன்னும் மழைக்கு அறிகுறி இல்லை. வெயில் கூடிக்கொண்டே போகிறது. அந்த வியாழக்கிழமை லாரி வந்தபோது பியாட்ரிஸ் அம்மா வாசலில் நின்று திருப்பி அனுப்பிவிட்டார். பதினோரு மூட்டையும் அவர் வீட்டுக்குள் இருக்கிறது. படுக்க இடமில்லாமல் மூட்டைகள்மேல்தான் படுக்கிறார்கள். தெருவில் வீடு வீடாகப் போய் விற்காதீர்கள் என்று சொன்னார். சிலர் கேட்டார்கள். பாதிப் பேர் அதற்குள் விற்றிருந்தார்கள். பேத்தி பள்ளியில் சேரவில்லை.

கடைசிப் பத்தி இரண்டு வரிதான்.

‘உங்களுக்கு எழுதும்படி அந்த அம்மாதான் சொன்னார். இனிமேல் நீங்கள் அவருக்குப் போன் செய்யவேண்டாம் என்றும் எழுதச் சொன்னார்.’